கைமாத்து

கல்யாணத்துக்குக் கடன் வாங்கிய மாப்பிள்ளைகள் இந்த நாட்டில் கோடிப் பேர் இருப்பார்கள். பிரம்மாவையும் சிவனையும் சாட்சிக்கு நிறுத்தி, அதுவும் போதாமல் ஓர் அரசமரத்தையும் சாட்சியாகச் சேர்த்துக் கடன் வாங்கியவர் ஒருவர்தான். பெண், நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதி. கடன் கொடுத்தவர் குபேரன். தொகை, ஊர் சொல்லும் கணக்குப்படி ஒரு கோடியே பதினான்கு லட்சம் பொற்காசு. கலியுகம் முடியும்வரை வட்டி, முடிந்ததும் அசல் என்பது ஏற்பாடு.

கலியுகம் மொத்தம் 4,32,000 வருஷம். பஞ்சாங்கக்காரர்கள் கணக்கில் இதுவரை ஐயாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கிறது. இப்படி ஒரு தவணையை எந்த வங்கி மேனேஜரும் கனவில்கூடக் கொடுத்திருக்க மாட்டார். இதில் பெரிய சாமர்த்தியம், மாப்பிள்ளை கையிலிருந்து ஒரு தம்படி போகாததுதான். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. மொய் எழுதுகிற நோட்டுக்குப் பதில் உண்டியல்.

எனக்குச் சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். எங்கள் ஊரில் 'கைமாத்து' என்று ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. முகத்தைப் பார்த்துக் கேட்பது, முகத்துக்காகக் கொடுப்பது. திரும்பி வரும் என்று வாங்கியவரும் நம்புவதில்லை, கொடுத்தவரும் நம்புவதில்லை. ஆனால் இருவரும் நம்புகிற மாதிரி பேசிக்கொள்வார்கள். சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் சரித்திரத்தைப் புரட்டினால் எனக்கு இந்த வழக்கம்தான் நினைவுக்கு வருகிறது. மலை, கோட்டை, கோயில் வருமானம், கடற்கரை மணல், ஒரு முழு மாவட்டம், கடைசியில் தலைமயிர்வரை இங்கே எல்லாமே யாரோ யாருக்கோ கொடுத்த கைமாத்து.

பட்டா யார் பெயரில் முதலில் இருந்தது என்று கிளறினால் சங்க இலக்கியம் புல்லி என்பவனைக் கைகாட்டுகிறது. வேங்கடமலைக்குத் தலைவன். நல்லது. அவன் எந்தக் கூட்டத்துக்குத் தலைவன் என்று மாமூலனார் பாட்டைப் பார்த்தால், கள்வர்களுக்கு! அது திருடர் இல்லை, களவர் என்ற குடிப்பெயர் என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு. வாதாடட்டும். ஆனால் உலகத்திலேயே அதிகமாகக் காணிக்கை சேருகிற தலங்களில் ஒன்றுக்கு முதல் ஓனர் கள்வர் கோமான் என்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு வேலியாக இந்த மலையைத்தான் போட்டது. மலையைத் தாண்டினால் பாஷை மாறும் என்று சங்கப் புலவர்கள் சொல்லிவைத்தார்கள். வேலி ஓரத்து நிலத்தில் என்ன நடக்கும் என்று கிராமத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு சாண் நகரும்.

வேலி மட்டுமா, சாமியே யாருடையவர் என்ற பஞ்சாயத்தும் நடந்தது. சிவன் என்றார்கள் சிலர். முருகன் என்றார்கள் சிலர். அம்பாள் என்றும் ஒரு கட்சி. வைணவர்கள் சொல்லும் கதையில், ராமானுஜர் எல்லாருடைய ஆயுதங்களையும் சந்நிதியில் வைத்துக் கதவைப் பூட்டச் சொன்னார். காலையில் திறந்தால் சாமி சங்கையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டிருந்தார். வேல் வைத்த கட்சி அன்றைக்கு எந்த முகத்தோடு மலை இறங்கியதோ. அதே ராமானுஜர்தான் அடிவாரத்தில் கோவிந்தராஜரையும் குடியேற்றினார் என்கிறார்கள். சிதம்பரத்தில் பள்ளிகொண்டிருந்த பெருமாளைச் சோழராஜா கடலில் போட்டுவிட்டான் என்பது அதற்கு முன்கதை. கமல்ஹாசனைக் கொக்கியில் தொங்கவிட்டு 'தசாவதாரம்' படம் தொடங்குமே, அந்தக் கதைதான். சிதம்பரத்தில் காலி செய்யச் சொன்னவருக்குத் திருப்பதியில் வீடு கிடைத்தது. விஜயநகரத்தார் காலத்தில் சிதம்பரத்து வீடும் திரும்பக் கிடைத்ததால், இப்போது அவருக்கு இரண்டு முகவரி.

விஜயநகரத்தார் என்றதும் கிருஷ்ணதேவராயர். 1513 தொடங்கி ஏழு தடவை மலைக்கு வந்தார். வந்தவர் திருமலாதேவி, சின்னாதேவி என்று இரண்டு மனைவியரோடும் கைகூப்பி நிற்கிற செப்புச்சிலையாக உள்ளேயே நின்றுவிட்டார். தரிசனத்துக்கு வரிசையே இல்லாமல் ஐந்நூறு வருஷம் நிற்கும் குடும்பம்.

அவருடைய வாரிசுகளுக்கு அந்த யோகம் இல்லை. 1565-இல் தலைக்கோட்டையில் அடி வாங்கி, ஹம்பியை விட்டுப் பெனுகொண்டாவுக்கு ஓடி, அங்கிருந்து சந்திரகிரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு பேரரசு வாடகை வீடு மாறுவது மாதிரி சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெற்கே தெற்கே நகர்ந்த காலம். அடுத்த ஜாகை வேலூர். திருப்பதிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் சந்திரகிரிக் கோட்டை இன்றும் இருக்கிறது. ராஜா மகால், ராணி மகால் என்று இரண்டு கட்டடம். ராணி மகாலின் கீழ்த்தளம் குதிரை லாயம் என்று கோட்டையைப் பார்த்தவர்கள் காதைக் கடிப்பார்கள். ராணிக்கு இது தெரியுமா என்பது வேறு விஷயம்.

இந்த வீடு மாறும் கும்பலின் அசட்டையில்தான் சென்னைப் பட்டணமே பிறந்தது. 1639 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, தாமர்லா வெங்கடாத்திரி நாயக்கர் மதராஸப்பட்டினத்து மணல்திட்டை பிரான்சிஸ் டே என்ற கம்பெனிக் குமாஸ்தாவுக்கு எழுதிக்கொடுத்தார். நாயக்கர் வந்தவாசியில் உட்கார்ந்திருந்தாலும் காளஹஸ்திக் குடும்பத்துக்காரர். சந்திரகிரி ராஜாவின் கையாள். பிறகு ராஜாவும் ஒரு சாசனத்தால் அதை ஊர்ஜிதம் செய்தார். அந்த இடம் கப்பல் நிற்க லாயக்கில்லை, நல்ல தண்ணீருக்கும் வழியில்லை. பின் ஏன் டே அதையே பிடிவாதமாகக் கேட்டான்? பக்கத்துச் சாந்தோமில் அவனுக்கு ஒரு பெண்ணோடு தொடர்பு, அடிக்கடி போய்வர வசதி என்று அந்தக் காலத்திலேயே வம்பு பேசினார்கள். ஒரு கோடிப் பேர் இன்று டிராபிக்கில் வேகிற பெருநகரத்துக்கு வித்து ஒரு குமாஸ்தாவின் சாயங்கால வசதி என்றால், அதை நம்பாமல் இருப்பது கஷ்டம். நாயக்கர் தன் அப்பா சென்னப்ப நாயக்கர் பேரைப் புது ஊருக்கு வைக்கச் சொன்னார். ஊர் போயிற்று, அப்பா பேர் நின்றது. கைமாத்தில் அதுவே பெரிய லாபம்.

அப்புறம் ஒரு நூற்றாண்டுக்கு இந்த வட்டாரத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அடித்துக்கொள்ளத்தான் வந்தார்கள். 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியர்களை மறிக்கப்போன ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி அங்கேயே செத்தார். இன்று அந்த ஊர் மாம்பழ மண்டிக்குப் பெயர் பெற்றது. சீசனில் போனால் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக நிற்கும். நவாபைப் பற்றிக் கேட்டால் மண்டியில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சாவு என்று பார்த்தால் ஹைதர் அலியுடையதுதான் நாடகம். வெள்ளைக்காரனைத் தூங்கவிடாமல் அடித்த மனிதர். முதுகில் ராஜப்பிளவை வந்து, 1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூருக்குப் பக்கத்தில் நரசிங்கராயன்பேட்டையில் கூடாரத்திலேயே கண்ணை மூடினார். மகன் திப்பு அப்போது மலபார்ப் பக்கம் சண்டையில் இருந்தான். சேதி கசிந்தால் படை கலையும். மந்திரிகள் என்ன செய்தார்கள்? உடலை வாசனைத் திரவியங்களோடு பெட்டியில் வைத்து, கொள்ளையடித்த பொக்கிஷம் போகிறது என்கிற தோரணையில் காவல் போட்டுக் கோலாருக்கு அனுப்பினார்கள். பாளையத்தில் நவாப் இருக்கிறார், உடம்புதான் சுகமில்லை என்று தினமும் காரியம் நடந்தது. திப்பு வந்து சேர்ந்தபின்தான் விஷயத்தை உடைத்தார்கள். தலைவர் இட்லி சாப்பிட்டார் என்று செய்தி வாசிக்கும் கலையைச் சித்தூர் வட்டாரம் 1782-லேயே பார்த்துவிட்டது.

இனி பெருமாளின் கணக்குக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி, குபேரனிடம் வாங்கியவரையே தோற்கடிக்கும் கடன்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்ட கடனுக்கு ஈடாக அவர் தள்ளிவிட்ட வருமானங்களில் திருப்பதிக் கோயில் வருமானமும் ஒன்று. யோசித்துப் பாருங்கள். பெருமாள் குபேரனுக்குக் கடன்காரர். அவருக்கு வரும் காணிக்கையை நவாப் அடகு வைக்கிறார். அடகு பிடித்தவன் லண்டனில் பங்குதாரர்களுக்கு லாபம் பிரிக்கிறான். கீழ்த்திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு முடிச்சிலிருந்து காசை அவிழ்த்துப் போட்ட ஒரு வடஆர்க்காட்டுக் கிழவி இங்கிலாந்தில் எவனோ ஒருவனின் நாற்காலிக்கு மெத்தை தைத்துக்கொடுத்திருக்கிறாள்.

1801-இல் கர்நாடக தேசம் முழுவதும் கம்பெனி கைக்கு வந்தபோது கோயிலும் கூடவே வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1803-இல், அமெரிக்காக்காரர்கள் நெப்போலியனிடம் லூசியானாவை விலைக்கு வாங்கினார்கள். ஒன்றரைக் கோடி டாலர். இதைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, என்ன மலிவு பார் என்றுதான். மலிவா? எங்கள் பக்கம் ஒரு டாலர்கூடச் செலவில்லாமல், நாட்டோடு வைகுண்டத்தையும் சேர்த்து எழுதி வாங்கியிருக்கிறான் ஒருத்தன்.

வாங்கியவன் சும்மா இருக்கவில்லை. அதே 1803-இல் கலெக்டர் கோயிலின் பூஜை, செலவு, வரவு எல்லாவற்றையும் விவரமாகத் தொகுத்துச் சென்னைக்கு அறிக்கை அனுப்பினார். 1821-இல் புரூஸ் என்பவர் கோயில் நிர்வாகத்துக்கு ஒரு விதித்தொகுப்பே எழுதினார். பெருமாளுக்கு எத்தனை மணிக்கு என்ன தளிகை என்பது கவர்மென்ட் ஃபைலில் ஏறியது. கம்பெனிக்காரர்களில் பக்திமான் என்று பெயர் வாங்கியவர் தாமஸ் மன்றோ. பொங்கல் பிரசாதம் சாப்பிட்டு வயிற்றுக்கோளாறு தீர்ந்ததாம். பெரிய கங்காளம் ஒன்று வாங்கிக்கொடுத்து, அதில் தினமும் பொங்கல் வைக்க ஒரு கிராமத்து வருமானத்தையும் ஒதுக்கினாராம். மன்றோ கங்காளம் என்றே அதற்குப் பேர். பிடுங்கியதில் கொஞ்சம் திருப்பித் தந்த அந்த ஒரு பானைக்காக அவரை நாம் இன்னும் நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நம்ம ஆட்களுக்கு வயிற்றுக்குள் போனால் மனசு இளகிவிடும்.

இங்கிலாந்தில் பாதிரிமார்களுக்கு மட்டும் இளகவில்லை. கிறிஸ்தவக் கம்பெனி விக்கிரகத்துக்குக் கணக்குப்பிள்ளை வேலை பார்ப்பதா என்று சத்தம் போட்டார்கள். கோயிலைக் கைகழுவு என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தது. சரி, யாரிடம் கொடுப்பது? அர்ச்சகர் இருக்கிறார், ஜீயர் இருக்கிறார், ஊர்ப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். 1843-இல் சாவியை வாங்கியவர் சேவாதாஸ். வடக்கிலிருந்து வந்த பைராகிகளின் ஹாத்திராம் மடத்து மகந்து.

அந்த மடத்தின் தகுதி என்ன என்று கேட்டால் அங்கே ஒரு கதை இருக்கிறது. மடத்தை நிறுவிய பாவாஜி வீட்டுக்கு ராத்திரியானால் பெருமாளே சொக்கட்டான் ஆட வருவார். ஒருநாள் தோற்று, கழுத்து மாலையை விட்டுப் போய்விட்டார். விடிந்தால் கோயிலில் நகையைக் காணோம், பைராகியிடம் இருக்கிறது. ராஜா பிடித்து அடைத்தார். கூடவே ஒரு வண்டிக் கரும்பையும் உள்ளே தள்ளி, நீ சொல்வது நிஜமானால் விடிவதற்குள் இதைத் தின்று தீர் என்றார். பெருமாள் யானையாக வந்து மென்று தீர்த்துவிட்டுப் போனார். ஹாத்தி என்றால் யானை; ஹாத்திராம் என்ற பேர் அப்படித்தான் வந்தது. ஏற்கெனவே கடன், அதற்கு மேல் சூதாட்டம். நம் வீட்டுப் பையனாக இருந்தால் பெண் கொடுப்போமா? ஆனாலும் நகை காணாமல் போன வழக்கில் மாட்டி விடுதலையானவரின் மடத்தில் நகைப்பெட்டிச் சாவியைக் கொடுத்தது கம்பெனியின் நகைச்சுவை உணர்ச்சியைக் காட்டுகிறது. தொண்ணூறு வருஷம் மகந்துகள் ஆண்டார்கள். 1932-இல் சென்னைச் சட்டசபை தனிச்சட்டம் போட்டு, அடுத்த வருஷம் தேவஸ்தானக் கமிட்டி வந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நடப்பு அரசியல். எனக்கு அடுத்த மாசம் தரிசன டிக்கெட் போட வேண்டியிருக்கிறது, அதைத் தொடவில்லை.

எல்லாரும் வாங்கியே பழகிய வட்டாரத்தில், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜித்து கிருஷ்ணமூர்த்தி. அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபை லெட்பீட்டர் கண்ணில் பட, உலக குரு வந்துவிட்டார் என்று அன்னி பெசன்ட் அம்மையார் அவருக்கென்று சங்கமே நடத்தினார். பையன் வளர்ந்து, 1929-இல் ஹாலந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் எழுந்து, நான் குருவும் இல்லை, எனக்குச் சங்கமும் வேண்டாம் என்று கலைத்துவிட்டு, வந்த சொத்துகளையும் திருப்பினார். மதனப்பள்ளிக்காரர்களுக்கு அதிலிருந்து தக்காளி வியாபாரத்தில்தான் நம்பிக்கை. சித்தூர் நாகையாவும் இன்னொரு ரகம். பிறந்தது குண்டூர்ப் பக்கம். சித்தூர் நாடக சபையில் நடித்ததற்குக் கூலியாக ஊர் தன் பேரையே கொடுத்தது. 'மீரா' படத்தில் எம்.எஸ். கூட நடித்தாரே, அவர்தான். அந்தக் கைமாத்தைச் சாகும்வரை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

தலைமயிர் விவகாரம் சுவையானது. பெருமாளுக்குத் தலையில் ஒரு இடத்தில் முடியில்லாமல் போக, நீளாதேவி தன் கூந்தலை வெட்டிக் கொடுத்தாளாம். அதனால்தான் நாம் மொட்டை போடுகிறோம். கல்யாணக்கட்டையில் சேரும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது. அது எங்கெங்கோ போய் சவுரியாகிறது. வைதீக யூதர்களில் கல்யாணமான பெண்கள் சொந்த முடியை மறைக்க வேண்டும்; பலர் அதற்குச் சவுரித்தொப்பி வைத்துக்கொள்வார்கள். 2004 மே மாதம் ஜெருசலேமில் எல்யாஷிவ் என்ற மூத்த ரப்பி தீர்ப்புச் சொன்னார்: திருப்பதி மயிர் விக்கிரகத்துக்குப் படைத்தது, ஆகாது. நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் குவித்து எரித்தார்கள். முன்னதாக லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருப்பதிக்கே வந்து, இது படையலா வெறும் சிரைப்பா என்று விசாரித்துவிட்டுப் போயிருந்தார். அவரிடம் நம் நாவிதர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்புத் தாங்காது. எங்கள் ஆயா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "என் முடி அமெரிக்கா போய் வெந்துதா? நான் பெரம்பூரே பார்த்ததில்லையேடா" என்றாள்.

இப்போது மாவட்டம். சித்தூர் முன்பு வடஆர்க்காட்டுக்குத் தலைநகரம். 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் தனியாகப் பிறந்தது. வடஆர்க்காட்டில் கொஞ்சம், கடப்பையில் கொஞ்சம், ஜமீன்களில் கொஞ்சம் எடுத்துத் தைத்த ஒட்டுப்போர்வை. 1952-இல் தனி ஆந்திரம் கேட்டு மயிலாப்பூரில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 58-ஆம் நாள், டிசம்பர் 15-ஆம் தேதி, உயிர்விட்டார். அடுத்த அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் வந்தது. சித்தூர் மாவட்டம் முழுசாக அந்தப் பக்கம் போயிற்று. அவர்கள் 'மதராஸ் மனதே' என்று கத்த, ம.பொ.சி. 'வேங்கடத்தை விடமாட்டோம்' என்று கத்த, மங்கலங்கிழார் தமிழ்ப்பள்ளி நடத்தியே எல்லையில் ஆள் சேர்க்க, கடைசியில் மத்தியஸ்தர் படாஸ்கர் வந்து பாகம் பிரித்தார். திருத்தணியும் எங்கள் பக்கமும் இங்கே வந்தன. சத்தியவேடு வட்டாரம் அங்கே போயிற்று. வேங்கடம் வேங்கடத்திலேயே இருந்தது. அதாவது மாமனை அவர்களுக்கு விட்டுவிட்டு மருகனை நாம் கூட்டிக்கொண்டு வந்தோம். சந்நிதியில் வேல் வைத்துத் தோற்ற கட்சிக்கு எண்ணூறு வருஷம் கழித்து ஆறுதல் பரிசு. இந்தப் பாகப்பிரிவினை அமலுக்கு வந்த தேதி 1960 ஏப்ரல் 1. மாவட்டம் பிறந்ததும் அதே தேதிதான். முட்டாள்கள் தினத்தை இவ்வளவு சிரத்தையாகக் கொண்டாடிய மாவட்டம் வேறு இருக்க முடியாது. 2022-இல் மறுபடி உடைத்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கினார்கள், ஏப்ரல் 4. கொஞ்சம் தாமதம். அந்தப் பிரிவினையில் ஸ்ரீஹரிகோட்டாவும் திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. ராக்கெட் விடுமுன் விஞ்ஞானிகள் அதன் பொம்மையை எடுத்துக்கொண்டு மலையேறுவது பழைய வழக்கம். இப்போது வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டியதில்லை.

எங்கள் தாத்தா திண்ணையை விட்டு இறங்காமல் ஊர் சுற்றியவர். மதராஸ் ராஜ்யத்தில் கல்யாணம், ஆந்திர மாநிலத்தில் முதல் பிள்ளை, ஆந்திரப் பிரதேசத்தில் எங்கள் நைனா, மறுபடி மதராஸில் அத்தை, 1969-க்கு அப்புறம் தமிழ்நாட்டில் மூட்டுவலி. வீட்டு வரி ரசீதைத் தெலுங்கில் கொடுத்தாலும் தமிழில் கொடுத்தாலும் ஒரே இடத்தில்தான் செருகி வைப்பார்: எரவாணத்தில்.

அவர் கடைசியாகத் திருப்பதி போனது எங்களோடு. பன்னிரண்டு மணி நேரம் கொட்டடியில் உட்கார்ந்து, 'ஜருகண்டி ஜருகண்டி' என்று தள்ளிய கைகளுக்கு நடுவே ஒரு கண் சிமிட்டு தரிசனம். உண்டியல் முன்னால் வந்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்தார். பை கீழே லாட்ஜில். நைனாவைத் திரும்பிப் பார்த்து, "ஏம்பா, ஒரு நூறு ரூபா கைமாத்து கொடு, ஊருக்குப் போய்த் தரேன்" என்றார். வாங்கிப் போட்டார். லட்டு வாங்கினோம், ஊருக்கு வந்தோம். ஒரு மாசம் ஆயிற்று. ஒருநாள் நைனா விளையாட்டாக, "அந்த நூறு ரூபா என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

தாத்தா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அந்த ஆளே இன்னும் அசலைக் கட்டல. எனக்கு இன்னாடா அவசரம்?" என்றார்.